பகடைக்குப் பலியாகும் சிப்பாய்களின் கதைகள்

மேசை மீது சிறு பொம்மைச் சேனைகளை அணிவகுத்து நிறுத்திப் பகடை உருட்டிப் போரிடும் விளையாட்டுகளில் புதிதாக ஈடுபாடு கொண்டிருக்கும் ஓர் இளைஞர் அண்மையில் என்னிடம், "அண்ணா, வார்ஹாமர் நாவல்களை எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அவருடைய சிநேகிதர் இரண்டு பதில்களை அடுத்தடுத்துச் சொல்லி முடித்துவிட்டார். "ஹோரஸ் ஹெரிஸி வரிசை ஐம்பத்து நான்கு புத்தகத்தையும் முதலில் முடித்துவிடு" என்பது ஒன்று. "முடியாதென்றால் விட்டுத் தள்ளு, எல்லாம் பொம்மை விற்பதற்காக எழுதியவைதானே" என்பது மற்றொன்று.

முதல் பதில் ஆர்வத்தோடு வரும் வாசகனை மலைக்கவைத்துத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது பதிலோ, நல்ல எழுத்தாளர்கள் சிலருடைய உழைப்பைப் படித்துப் பாராமலே அவமதிக்கிறது. அன்று நின்றவாக்கில் நான் சொன்னது போதவில்லை. மனத்தில் மிச்சமிருப்பதைச் சாவகாசமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் அறியாத அன்பர்களுக்காகச் சிறிது பின்னணி. (அறிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், ரிக் பிரீஸ்ட்லி எழுதிய விதிப்புத்தகத்தோடு 1987இல் வெளியிட்ட விளையாட்டுதான் வார்ஹாமர் 40,000. நாற்பத்தோராவது ஆயிரத்தாண்டில், நட்சத்திர மண்டலமெங்கும் பத்து லட்சம் கிரகங்களுக்குப் பரவிவிட்ட மனித சாம்ராஜ்யம், பத்தாயிரம் ஆண்டுகளாக ஜீவனுக்கும் மரணத்துக்கும் இடையே பொற்சிம்மாசனத்தில் கிடக்கும் ஒரு சக்கரவர்த்தியின் பெயரால், அறிவையும் இரக்கத்தையும் ஏறக்குறைய இழந்துவிட்ட நிலையில், எல்லாத் திசைகளிலும் முடிவில்லாமல் யுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் அந்த விளையாட்டின் உலகம். அந்தச் சாம்ராஜ்யத்தின் படைகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, உடலே மாற்றியமைக்கப்பட்டு, எட்டடி உயரத்தில் கவசம் பூண்டு நிற்கும் ஸ்பேஸ் மரீன் என்னும் அசகாய சூரர்களின் படை. மற்றொன்று இம்பீரியல் கார்ட். அதாவது, ஒவ்வொரு கிரகத்திலிருந்தும் ஆள் திரட்டி, கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, ஊர் திரும்பும் நம்பிக்கையே இல்லாத தூரத்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்படும் நம்மைப்போன்ற சாதாரண மனிதர்களின் படை.

இந்த இரண்டாவது வகையார்தான் என் பிரியத்துக்கு உரியவர்கள். ஏன் என்பதை மேசையருகே வந்தால்தான் காட்ட முடியும்.

ஓரங்குலத்துக்குச் சற்றே மேலான உயரமுள்ள அந்தப் பிளாஸ்டிக் சிப்பாயை வார்ப்புச் சட்டத்திலிருந்து கத்தரித்து, பிசிறு சீவி, கைகளைப் பசையிட்டு ஒட்டி, கால்சராய்க்கு ஒரு நிறமும் மார்க்கவசத்துக்கு ஒரு நிறமும் தீட்டி, துப்பாக்கி வாருக்குத் தோல் நிறம் கொடுத்து, கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரோமம் போன்ற தூரிகையால் கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்து முடிக்கும்போது, அவன்மீது நமக்கு ஒரு வாஞ்சை உண்டாகிவிடுகிறது. பிறகு அவனைப் போன்ற ஒன்பது பேரோடு அவனை மேசையில் நிறுத்துகிறோம். அவன் ஒரு ஸ்பேஸ் மரீனைச் சுட்டால் என்ன ஆகும்? பகடையில் நான்கு அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் குண்டு படும். ஐந்து அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் பட்ட குண்டு காயமாகும். அதன் பிறகும் எதிராளி தன் கவசத்துக்காக உருட்டும் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால்தான் காயம் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினெட்டில் ஒரு வாய்ப்பு. அதே மரீன் திருப்பிச் சுட்டாலோ, ஒவ்வொரு குண்டிலும் நம் சிப்பாய் விழுவதற்கு ஏறக்குறைய பத்தில் மூன்று வாய்ப்பு. (விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபவை, அண்மைப் பதிப்புகளின் கணக்கு இது.) எதிராளி ஒரு கை நிறையப் பகடைகளை அள்ளி வீசுகிறார். நாம் கண்ணுக்குப் புள்ளி வைத்த சிப்பாய்கள் ஆறு பேர், ஏழு பேர் என்று மேசையோரத்துத் தட்டுக்குப் போய்விடுகிறார்கள். யாரும் அவர்கள் பெயரைக் கேட்பதில்லை. பெயர் என்று ஒன்று இருந்தால்தானே?

அந்தத் தட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு பயம், ஒரு சிநேகிதன் இவற்றைக் கொடுக்கும் நாவலே இந்த உலகத்தில் நல்ல நாவல் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் அசகாய சூரர்களை ஒதுக்கிவைத்து, சிப்பாய்களிடமிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

இனி, பொம்மை விற்கும் புத்தகம் என்ற குற்றச்சாட்டு. இந்த நாவல்களை வெளியிடும் பிளாக் லைப்ரரி என்ற பிரசுரம் 1997இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் அங்கமாகவே தொடங்கப்பட்டது என்பதும், அவற்றைப் படித்தவர் பலர் பொம்மை வாங்கப் போகிறார்கள் என்பதும் வாஸ்தவம். ஆனால் ஒரு நூல் எந்த வியாபார நிமித்தமாகப் பிறந்தது என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளந்துவிட முடியுமா? 1836இல் இங்கிலாந்தில் ராபர்ட் சீமூர் என்ற பிரபல சித்திரக்காரர் வரையவிருந்த வேட்டை விளையாட்டுப் படங்களுக்குத் துணையாகச் சில பக்கங்கள் எழுதித் தரும்படி பதிப்பாளர்கள் ஓர் இளம் பத்திரிகை நிருபரைக் கேட்டார்கள். விற்பனைச் சரக்கு படங்கள்தான், எழுத்து அதற்கு ஒட்டுத்துணி. அந்த நிருபர் சார்லஸ் டிக்கன்ஸ். அவர் எழுதிக் கொடுத்தது 'பிக்விக் பேப்பர்ஸ்'. இந்த நாவல்களை அதற்குச் சமமாக வைக்க நான் வரவில்லை. ஆனால் தொடக்க நிமித்தம் வேறு, முடிவில் கையில் வந்து சேரும் நூல் வேறு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மேலும், மேசைப் போருக்கும் விஞ்ஞானக் கதைக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததும் அல்ல. பிரஷ்யச் சேனையின் அதிகாரிகளுக்கு 1824இலேயே வரைபடமும் பகடையும் கொண்டு யுத்தம் பயிலும் ஒரு விளையாட்டு அறிமுகமாயிற்று. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, வில்சுருள் விசையால் சிறு மரக்குண்டுகளை எறியும் விளையாட்டுப் பீரங்கிகளால் அவர்களை வீழ்த்தும் முறைக்கு 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற பெயரில் விதி எழுதியவர், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பை 1898இலேயே நூலாக வெளியிட்ட எச்.ஜி. வெல்ஸ்தான். ஒரே மனிதருடைய எழுதுமேசையிலிருந்து இரண்டும் புறப்பட்டிருக்கின்றன. பின்னால் அவை ஒன்று சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

என் கையில் ஒரே ஒரு பெயர்தான் சொல்ல இடமுண்டு என்றால், டான் ஆப்னெட் என்ற ஆங்கிலேயரின் 'காண்ட்ஸ் கோஸ்ட்ஸ்' வரிசையைத்தான் சொல்வேன். '2000 ஏடி' என்ற ஆங்கிலச் சித்திரக்கதை வார இதழில் நீண்டகாலம் கதை எழுதிப் பழகிய கை அவருடையது. ஆகவே எந்தக் காட்சியும் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வரிகூட நீள்வதில்லை. வரிசையின் முதல் நாவல் 'ஃபர்ஸ்ட் அண்ட் ஓன்லி' 1999இல் வெளிவந்தது. டானித் என்ற வனம் சூழ்ந்த கிரகம், சாம்ராஜ்யத்துக்காகத் தன் முதல் ரெஜிமென்ட்டுகளைத் திரட்டி அணிவகுக்கச் செய்யும் அதே நாளில் பகைவரின் கப்பற்படை வந்து சூழ்ந்துகொள்கிறது. அவர்களுக்குத் தளபதியாக வந்திருக்கும் இப்ராம் காண்ட், கிரகத்தைக் காக்க முடியாது என்று கண்டு, காப்பாற்ற முடிந்த சிப்பாய்களை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறான். டானித் அழிகிறது. தாய் தந்தையர், மனைவி மக்கள், மரங்கள், பாட்டுகள் எல்லாம் போய், எஞ்சியிருக்கும் அந்தச் சிப்பாய்கள்தான் அந்தக் கிரகத்தின் முதல் படை. கடைசிப் படையும் அதுவே. தங்களைச் சண்டையிட்டுச் சாகவும் விடாமல் இழுத்து வந்த மனிதனின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து அவர்கள் இனி வாழ்நாள் முழுவதும் போரிட வேண்டும். நாவலின் பெரும்பலம் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. காண்ட் கர்னல் மட்டுமல்ல, கமிஸாரும்கூட. கமிஸார் என்பவர் இந்தச் சேனையில் யார் தெரியுமா? பயந்து பின்வாங்கும் சொந்தச் சிப்பாயையே சுட்டுக் கொல்ல அதிகாரம் பெற்றவர். தகப்பனைப்போல் ஆட்களைக் காக்க வேண்டிய பதவியும், நிர்தாட்சண்யமாகத் தண்டிக்க வேண்டிய பதவியும் ஒரே உடம்பில் வந்து அமர்ந்தால் அந்த மனிதனுக்கு நித்திரை எப்படி வரும் என்று ஆப்னெட் புத்தகத்துக்குப் புத்தகம் கேட்டுக்கொண்டே போகிறார்.

ஆனால் நான் முதலில் கையில் எடுத்துக் கொடுப்பது இரண்டாவது புத்தகமான 'கோஸ்ட்மேக்கர்'. மோன்தாக்ஸ் என்ற சதுப்புக் காட்டில், விடிந்தால் பெரும்போர் என்ற நிலையில், காண்ட் தன் ஆட்களிடையே நடந்துபோகிறான். யார் மீது அவன் பார்வை விழுகிறதோ அவரைப் பற்றி ஒரு கதை என்று நூல் விரிகிறது. பெரிய யந்திரத் துப்பாக்கியைத் தூக்கும் பலம் இருந்தும் குறி மட்டும் என்றைக்கும் தப்பிவிடுகிற பிராக்; அவருக்குத் தோழர்கள் இட்ட பட்டப்பெயரே 'டிரை அகைன்'. சிப்பாயல்லாதவர்களில் டானித்திலிருந்து உயிரோடு மீண்ட ஒரே சிறுவன் மைலோ. ஊரின் குழலிசை அவன் கையோடு மட்டும் வந்திருக்கிறது.

இவர்களுள் லார்க்கின் என்பவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவதில் ரெஜிமென்ட்டிலேயே அவருக்கு இணையில்லை; ஆனால் நரம்புத் தளர்ச்சியும் தலைவலியும் பிரமைகளும் அவரை ஓயாது வாட்டுகின்றன. ப்யூசெஃபலான் என்ற முற்றுகைக் களத்தில் சண்டையின் உச்சத்தில் பயம் தாளாமல் ஓடிவந்து, இடிந்துபோன ஒரு பிரார்த்தனைக் கூடத்தில் ஒளிந்துகொள்ளும் அவரிடம், அங்கிருக்கும் கல் தேவதை பேச ஆரம்பிக்கிறது. எதற்காக ஓடிவந்தாய், யாரை விட்டுவிட்டு ஓடிவந்தாய் என்று அது கேட்கிறது. அந்த ஏகாந்தத்தில், நடுங்கும் கையோடு, அவர் தன் துப்பாக்கியை மறுபடி எடுத்து ஒரே ஒரு குண்டைச் சுட வேண்டும். தேவதை உண்மையா, பிரமையா? ஆப்னெட் அதைத் தீர்த்துச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட அந்த நாகரிகத்துக்காகவே அவரிடம் எனக்கு மரியாதை மிகுந்தது. பகடையில் நான்கு விழுமா என்று நாம் காத்திருக்கும் அரை விநாடி இருக்கிறதே, அதற்குள் இவ்வளவு இருக்கக்கூடும்!

மூன்றாவது நாவல் 'நெக்ரோபோலிஸ்' (2000). வரிசையின் சிகரம் என்று பலரும் சொல்வது இதைத்தான். நானும் அப்படியே சொல்கிறேன். வெர்வன்ஹைவ் என்ற ராட்சதத் தொழில் நகரத்தை அண்டை நகரம் முற்றுகையிடுகிறது. கதை சேனையிலிருந்து தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சாதாரண நாளில், சுரங்கத் தொழிலாளி ஒருவன், உலைக்கூட மேஸ்திரி ஒருவர், ஒரு வைத்தியர், தெருக்கும்பலில் வளர்ந்த ஒரு பெண் என்று அந்த நகரத்து ஜனங்கள் அவரவர் காரியத்தில் ஈடுபட்டிருக்கையில் சங்கு ஊதுகிறது, குண்டுகள் விழுகின்றன, காண்ட்டும் அவன் ஆட்களும் பிறகுதான் வந்து சேர்கிறார்கள். தளபதிகளுக்குள் கௌரவச் சண்டை, பிரபுக்களின் வியாபார பேரம், ஆயுதம் இல்லாத தொழிலாளர் சுரங்கக் கருவிகளையே ஆயுதமாக்கித் தாங்களாகவே அமைத்துக்கொள்ளும் படைகள் — ஸ்டாலின்கிராட் முற்றுகையைப் பற்றிப் படித்தவர்களுக்கு இவற்றின் ரத்த வாடை பரிச்சயமாக இருக்கும்.

இதில் கோல் கோலியா என்ற சுரங்கத் தொழிலாளி தன் குடும்பமே குண்டு வீச்சில் மாண்டுவிட்டது என்று நம்பி, இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனாகப் போரிடுகிறான். அதே நகரத்தின் வேறொரு மூலையில் டோனா கிரிட் என்ற அந்தத் தெருக்கும்பல் பெண், இடிபாடுகளிடையே கிடைத்த இரண்டு குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். (முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் அடுத்த இரண்டு வாக்கியங்களைப் படிக்க வேண்டாம்.) முற்றுகைக்குப் பின் இருவரும் ஒரே ரெஜிமென்ட்டில் சேர்கிறார்கள், அக்குழந்தைகள் தன்னுடையவர்கள் என்று பின்னால் கோலியாவுக்குத் தெரியவருகிறது. இன்னொருத்தியை அம்மா என்று அழைக்கப் பழகிவிட்ட அவர்களுடைய அமைதியைக் குலைக்க மனமில்லாமல், ஒரே பாசறையில் அவர்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, அவன் வாய் திறவாமல் இருந்துவிடுகிறான். லேசர் துப்பாக்கியும் நட்சத்திரக் கப்பலும் நிறைந்த ஒரு கதையில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் நிற்கச் செய்த இடம் எனக்கு இதுதான்.

குறையே இல்லையா என்றால், உண்டு. பகைவர்க்கு முகம் இருப்பதில்லை; அவர்களுடைய அக்கிரமம் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் நாவலின் சதித்திட்டம் சற்றுச் சுற்றி வளைத்தது. வரிசை நீண்டுகொண்டே போய் 2019இல் 'அனார்க்' வரை வந்திருக்கிறது; எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பதுங்கு குழி யுத்தத்தைச் சித்திரிக்கும் 'ஸ்ட்ரெய்ட் சில்வர்', பகைவர் கைப்பட்ட கிரகத்தில் ஒரு சிறு குழு தன்னந்தனியாக அலையும் 'டிரெய்ட்டர் ஜெனரல்' ஆகிய இரண்டையும் மட்டும் தவறவிட வேண்டாம்.

ஒரு விசேஷம் சொல்லிவிடுகிறேன். 2021இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இந்தக் கதையின் மாந்தர் அறுவரை, காண்ட், கார்பெக், ரான், லார்க்கின், பிராக், மெக்கால் என்று பெயர் சொல்லியே, பிளாஸ்டிக் உருவங்களாக வெளியிட்டது. பொம்மைக்காகக் கதை என்று பரிகசித்தார்களே, இங்கே கதைக்காகப் பொம்மை வந்திருக்கிறது. அவர்களுள் சிலர் கதையில் எப்போதோ மாண்டுவிட்டவர்கள். இருந்தும் வாசகர்கள் அவர்களை மேசைமீது காண விரும்பியிருக்கிறார்கள்.

நீண்ட வரிசையில் அகப்பட்டுக்கொள்ள மனமில்லாதவர்களுக்கு ஒரே மூச்சில் முடிந்துவிடும் தனி நாவல் ஒன்று சொல்கிறேன்: மிட்செல் ஸ்கேன்லன் எழுதிய 'ஃபிஃப்டீன் அவர்ஸ்' (2005). ஆர்வின் லார்ன் என்ற பதினேழு பதினெட்டு வயதுக் குடியானவப் பிள்ளை ராணுவத்தில் சேர்ந்து, ஒரு குமாஸ்தாத் தவற்றினால் போகவேண்டிய கிரகத்தை விட்டு வேறொரு கிரகத்தில், ப்ரூஷெராக் என்ற முற்றுகை நகரத்தில் இறக்கப்படுகிறான். அங்கே புதிதாக வருகிற சிப்பாயின் சராசரி ஆயுள் பதினைந்து மணிநேரம் என்று பழைய சிப்பாய்கள் அவனுக்குச் சொல்கிறார்கள். மணிநேரம் ஓட ஓடக் கதையும் ஓடுகிறது. வீரம், வெற்றி, பதக்கம் ஒன்றுமே இல்லை. நான் மேலே சொன்ன தட்டுக்குப் போகும் சிப்பாயை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த நூல் இந்த உலகத்தில் வேறில்லை. துக்கம் தாங்காதவர்கள் ஒத்திப்போடலாம்.

ஒத்திப்போட்டவர்கள் சிரிக்க விரும்பினால் ஸாண்டி மிட்செல் (ஆலெக்ஸ் ஸ்டூவர்ட்டின் புனைபெயர்) எழுதும் கயாஃபஸ் கெய்ன் கதைகளுக்குப் போகலாம். முதல் நாவல் 2003இல் வந்த 'ஃபார் த எம்பரர்'. சாம்ராஜ்யமே கொண்டாடும் மகாவீரனான கமிஸார் ஒருவன், தான் செய்ததெல்லாம் உயிர் தப்பச் செய்த தந்திரங்களே என்று அந்தரங்கமாக எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் இவை. அந்தக் குறிப்புகளைப் பதிப்பிக்கும் ஆம்பர்லி வெய்ல் என்ற பெண்மணி அடிக்குறிப்புகளில் அவனை மறுத்தும் திருத்தியும் கூடவே வருகிறாள். அவன் உண்மையிலேயே கோழையா, அல்லது தன் நல்ல குணத்தைத் தானே நம்ப மறுக்கிறவனா? முடிவு உங்களுடையது. அவனுடைய பணியாள் யூர்கன் அழுக்கானவர், துர்நாற்றம் வீசுபவர். ஆனால் இந்தக் கதைகளில் அவரைவிட விசுவாசமான ஆத்மா இல்லை.

ஆகாய யுத்தம் பிடிக்கும் என்றால் ஆப்னெட்டின் 'டபிள் ஈகிள்'. முகமூடியும் மௌனமுமாய்ச் சாவைத் தேடிப் போகும் க்ரீக் ரெஜிமென்ட்டுகளைப் பற்றி அறிய ஸ்டீவ் லயன்ஸின் 'டெட் மென் வாக்கிங்' (2010). தைரியம் எந்த இடத்தில் மனிதத்தன்மையை விழுங்கிவிடுகிறது என்று அது காட்டும். வார்ஹாமரே வேண்டாம், ராட்சத யந்திரங்களும் கூலிப்படைகளும் போதும் என்பவர்களுக்கு அமெரிக்காவில் 1984இல் தோன்றிய பேட்டில்டெக் விளையாட்டின் நாவல்கள் இருக்கின்றன, வில்லியம் எச். கீத்தின் 'டிசிஷன் அட் தண்டர் ரிஃப்ட்' (1986) நல்ல நுழைவாயில்.

சில அன்பர்கள் இப்படி ஒரு கொடுங்கோல் சாம்ராஜ்யத்தைப் பற்றிக் கதை படித்து ரசிப்பது சரிதானா என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அந்தச் சாம்ராஜ்யத்தை ஆதரிசமாக எண்ணிக் கொண்டாடும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் 2021இல் அந்நிறுவனமே, இது வெறுப்பினால் நடத்தப்படும் ஆட்சி, இதில் நல்லவர்கள் என்று யாரும் இல்லை என்று பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. சிப்பாய்களின் கதைகளைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு அதுவும் ஒரு காரணம். மாவீரர்களின் கண்ணால் பார்க்கும்போது அந்த உலகம் பொன்னாய் மின்னுகிறது. குமாஸ்தாவின் தவற்றால் சாகப்போகிற பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அது எதனால் ஆனது என்பது தானே விளங்கிவிடும்.

ஆகவே அந்த இளைஞருக்கு என் வரிசை இது. முதலில் 'கோஸ்ட்மேக்கர்'; பிடித்திருந்தால் பின்னோக்கிப் போய் 'ஃபர்ஸ்ட் அண்ட் ஓன்லி', பிறகு 'நெக்ரோபோலிஸ்'. இம்மூன்றும் 'த ஃபவுண்டிங்' என்ற ஒரே தொகுப்பாகவும் வந்திருக்கின்றன. நடுவே கனம் அதிகமானால் கெய்ன். மனம் திடப்பட்ட பின் 'ஃபிஃப்டீன் அவர்ஸ்'. ஹோரஸ் ஹெரிஸியை அதற்கப்புறம் தொடலாம். அதையும் 2006இல் ஆப்னெட் எழுதிய 'ஹோரஸ் ரைசிங்' கொண்டுதான் தொடங்க வேண்டும், அதில் ராட்சத வீரர்களோடு கூடவே போய் அவர்களைக் கவனித்து எழுதிவைக்கும் சாதாரண மனிதர்களைத் தேடிப் படியுங்கள். முதல் மூன்று நூல்களோடு கதை ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். மீதி ஐம்பத்தொன்றையும் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.